மீன் குடித்த கரண்ட்

கரண்ட் பில் வந்த நாளிலிருந்து பெரியவளுக்கு இரண்டே வேலைதான். ஒன்று தையல். இன்னொன்று வயிறு எரிவது.

தையல் அவளுக்குப் பிழைப்பு. கீழ் வீட்டின் முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். பள்ளி திறக்கப் போகிற நேரம் என்பதால் பாவாடை மடிப்பும் சட்டைக் காலருமாக அறை முழுக்க நீலமும் வெள்ளையும் குவிந்து கிடக்கிறது. வயிறு எரிவதற்கான காரணம் மாடியில் இருக்கிறது. நல்ல நீளமான கண்ணாடித் தொட்டி. உள்ளே மீன்.

போன வாரத்துச் சண்டை நினைவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கீழ் வீட்டில் அண்ணனும் அவர் மனைவி பெரியவளும், மேல் வீட்டில் தம்பியும் அவன் மனைவி சின்னவளும், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டர். பில் வந்தால் பாதிப் பாதி. இத்தனை வருஷம் யாரும் வாய் திறந்ததில்லை. இந்தத் தடவை பில் ஏறிய ஏற்றத்தைப் பார்த்துவிட்டு, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, இனிமேல் மீனுக்கும் ஒரு பங்கு பிரித்துவிடலாம் என்று பெரியவள் சொல்லிவிட்டாள். சின்னவள் கோபித்துக்கொண்டிருந்தால் ஒரு மூச்சு சண்டை போட்டு முடித்திருக்கலாம். அவளோ சிரித்துக்கொண்டே, "அக்கா, முழுசையும் நாங்களே கட்டிடறோம், விடுங்க" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். மாமா எப்படியும் பகல் முழுக்க மேலேதான் இருக்கிறார், கட்டிலையும் மேலே கொண்டுவந்து போட்டுவிட்டால் ஏறி இறங்குகிற வேலை மிச்சம் என்று ஒரு வார்த்தை சேர்த்தாள்.

மாமனார் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றார்.

இன்று வெள்ளிக்கிழமை.

பில் ஏறியதைக்கூடப் பெரியவள் பொறுத்துக்கொள்வாள். கட்டில் மாடிக்கு ஏறினால் அவளால் தாங்க முடியாது.

மாமனார் தீயணைப்பு வண்டி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு, மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகு, அவருக்கு இருப்பிடம் தையல் மிஷினுக்கு எதிரே போட்ட நாற்காலிதான். ஓடு தையலைப் பிரித்துக் கொடுப்பார். பொத்தான்களை நிறம் பார்த்து டப்பா டப்பாவாகப் போடுவார். ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடி போட்டும் வராது, ஆனாலும் கேட்டு வாங்கிப் போராடுவார். பேச்சு அதிகம் கிடையாது. பெரியவளின் வீட்டுக்காரர் லாரியை எடுத்துக்கொண்டு போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார். அந்த நாட்களில் எதிரே ஒரு மனிதர் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்கு எவ்வளவு பெரிய பலம் என்று அந்த நாற்காலி காலியான பிறகுதான் தெரிந்தது.

நாற்காலியைக் காலி செய்தது தொட்டி. சின்னவள் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் வேலை செய்கிறாள். கிளினிக்கைப் புதுப்பித்தபோது வேண்டாம் என்று ஒதுக்கிய தொட்டியை மீனோடு கேட்டு வாங்கி வந்துவிட்டாள். அன்று மாலை சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று மேலே போன மாமனார், அதற்குப் பிறகு சாப்பிடவும் தூங்கவும்தான் கீழே வருகிறார். சின்னவளும் அவள் புருஷனும் காலையில் வேலைக்குக் கிளம்பிவிட்டால் மேல் வீட்டுச் சாவி அவர் கையில். தொட்டியில் உள்ள பெரிய மீனுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருக்கிறார். ஒரு வேலையும் செய்யாமல் சுற்றிச் சுற்றி மேற்பார்வை பார்க்கிறதாம். விரல் நுனி அளவுள்ள பொடி மீன்களெல்லாம் ஊழியர்கள்.

பெரியவளுக்கு இந்தப் பதினாறு வருஷத்தில் அவர் ஒரு செல்லப் பெயர் வைத்தது கிடையாது.

இன்று காலையும் டீயைக் கையில் கொடுத்தபோது அவர் நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை. "நாங்க மேல குடிச்சிக்கிறோம்மா" என்று சொல்லிவிட்டுப் படியேறினார். நாங்க! அவரும் மேனேஜரும்! பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு மிஷினை மிதித்த மிதியில் நூல் அறுந்தது.

காலி டம்ளரோடு இறங்கி வந்தவர் சட்டை மாற்றிக்கொண்டார். முடி வெட்டிக்கொண்டு, அப்படியே பழைய ஸ்டேஷன் ஆட்களைப் பார்த்துவிட்டு, வெளியிலேயே சாப்பிட்டுச் சாயங்காலம் வருவதாகச் சொன்னார். மேல் வீட்டுச் சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டினார்.

பெரியவள் இதற்குத்தான் காத்திருந்தாள். அவர் தெருமுனை திரும்பியதும் ஷாக்குக்குப் போன் போட்டாள்.

ஷாக்கு அந்தப் பக்கத்து எலக்ட்ரீஷியன். ஒரு தடவை கல்யாண வீட்டில் விளக்கு மாட்டும்போது ஊரே பார்க்க ஷாக் அடித்து விழுந்து எழுந்தவன். அன்று ஒட்டிய பெயரை அவனே தன் பைக்கில் பெயின்ட் அடித்து எழுதிவைத்திருக்கிறான். அவன் மகளுக்கு இரண்டு செட் சீருடை பெரியவள்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே கேட்டதும் வந்துவிட்டான். கையடக்கமாக ஒரு மீட்டர் கொண்டுவந்தான். சுவரில் இதை மாட்டி, இதில் எதை மாட்டுகிறோமோ அது எவ்வளவு கரண்ட் தின்கிறது என்று எண் ஓடுமாம்.

"எந்த வீட்டுச் சாமானை அளக்கப் போறீங்க?" என்றான்.

"எங்க வீட்டுதுதான்."

"அப்புறம் ஏன் ரகசியம் மாதிரி பேசறீங்க?"

பெரியவள் முறைத்தாள். மீன் தொட்டி என்று சொன்னதும் ஷாக்கு தலையை ஆட்டினான். விளக்கும் மோட்டாரும் பெரிசாக எதுவும் தின்னாது, தண்ணீரைச் சூடு பண்ண ஹீட்டர் போட்டிருந்தால் அது கொஞ்சம் தின்னும் என்றான். ஹீட்டர் இருக்கிறது என்றாள் அவள். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது. குளிர் காலத்தில்கூடப் பச்சைத் தண்ணீரில் துணி நனைக்கிறவள் அவள். மேலே மீனுக்கு வெந்நீர்!

கையிலிருந்த காலரைத் தேய்த்துப் பாதியில் விட்டுவிட்டு, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

மேல் வீட்டு அறை சுத்தமாக இருந்தது. அதுவே ஒரு எரிச்சல். தொட்டிக்குப் பின்னால் நீலத் துணித் திரை. சின்னவள் கேட்டு இவளே தைத்துக் கொடுத்தது. கோணலாகத் தைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அப்போது எவ்வளவோ ஆசைப்பட்டாள். கை கேட்கவில்லை. நூல் பிடித்த மாதிரி நேராக வந்து தொலைத்தது.

தொட்டிக்கு எதிரே ஒரு நாற்காலி. அதில் ஒரு குஷன்.

பெரியவள் நின்றுவிட்டாள். மிச்சத் துணியை ஒட்டுப் போட்டு அவருடைய முதுகு வலிக்காக அவள் தைத்த குஷன் அது. கீழ் வீட்டு நாற்காலியில் இருந்தது. எப்போது மாடி ஏறியது? அவளுக்குத் தெரியாமலே ஏறியிருக்கிறது. இப்படித்தான் ஒவ்வொன்றாக ஏறும். இன்றைக்குக் குஷன், ஞாயிற்றுக்கிழமை கட்டில். அதற்குப் பிறகு கீழே என்ன மிச்சம் இருக்கும்? மிஷினும் அவளும்தான்.

ஆத்திரத்தோடு குனிந்து, தொட்டிக்குப் பின்னால் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. மோட்டார் சத்தம் நின்றது. தண்ணீர் விழுகிற சத்தமும் நின்றது. மேனேஜர் கண்ணாடி ஓரமாக வந்து அவளைப் பார்த்தது.

"என்ன பார்வை?" என்றாள்.

பிளக் புது மீட்டருக்குள் லேசில் போகவில்லை. வியர்த்து விறுவிறுத்து, திருகி, அழுத்தி, ஒருவழியாக மாட்டினாள். விளக்கு எரிந்தது. ஹீட்டரின் சிவப்புப் புள்ளி எரிந்தது. தொட்டி விளிம்பில் தொங்கிய சின்னப் பெட்டியில் மோட்டார் உறுமியது. மீட்டரில் எண் வந்தது. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் திரும்பி வரவில்லை. அது வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அந்தத் தொட்டி முன்னால் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லையே. சத்தம் குறைந்ததே நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு கீழே வந்தாள்.

அன்று மதியம்வரை அவள் தைத்த தையல் தனி ரகம். மீட்டர் காட்டப்போகிற எண்ணை மனசுக்குள் பெரிதாக்கிக்கொண்டே தைத்தாள். அதைச் சாப்பாட்டு மேஜையில் சின்னவளின் தட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவள் சிரிப்பு எங்கே போகிறதென்று பார்க்க வேண்டும். தொட்டியை விற்றுவிடலாம் என்று கொழுந்தனே சொல்வான். தொட்டி போனால் மாமா இறங்கி வந்துவிடுவார். குஷனோடு.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கட்டு பாவாடையை முடித்துவிட்டு மேலே போனாள். மீன்கள் எல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பசி போல. பொழுதுக்கும் தின்பதும் வேடிக்கை பார்ப்பதும்தானே வேலை என்று கழுத்தை நொடித்துவிட்டு மீட்டரைப் பார்த்தாள்.

கால் யூனிட்.

பெரியவள் மீட்டரைத் தட்டிப் பார்த்தாள். அதே கால் யூனிட். பிளக்கைக் கழற்றி மீட்டரை எடுத்துக்கொண்டு, பிளக்கைப் பழையபடி சுவரில் மாட்டிவிட்டுக் கீழே வந்து ஷாக்கிடம் போனில் பாய்ந்தாள். ஓட்டை மீட்டரைக் கொடுத்து ஏமாற்றுகிறாயா என்று கேட்டாள். அவன் பொறுமையாக, பெரிய தொட்டிக்கு அது சரியான கணக்குதான் என்றான். மாதத்துக்குக் கொஞ்சம் ஏறும், ஆனால் பில் இப்படி எகிற அது போதாது, வேறு ஏதோ தின்கிறது என்றான். "வீட்ல இருக்கறதை ஒவ்வொண்ணா மாட்டிப் பாருங்க" என்றான்.

மீட்டர் பொய் சொல்கிறது என்று நிரூபித்தே தீருவது என்ற வீம்பில், கைக்கு எட்டிய சாமானை மாட்டினாள். கைக்கு எட்டியது இஸ்திரிப் பெட்டி. காலையில் நிமிர்த்திவைத்தபடியே இருந்தது. தொட்டுப் பார்த்தால் சுட்டது. மீட்டர் வழியாக மாட்டிவிட்டு, காலர்களைத் தேய்த்து அடுக்கிவிட்டு, பெட்டியைத் தன் வழக்கப்படி நிமிர்த்திவைத்துவிட்டு, மிஷினில் உட்கார்ந்தாள். அடுத்த கட்டு முடிந்ததும் திரும்பிப் பார்த்தாள்.

தொட்டி காலையிலிருந்து குடித்ததைவிடப் பெட்டி அந்தக் கொஞ்ச நேரத்தில் அதிகமாகக் குடித்திருந்தது. அதுவும் பாதி நேரம் சும்மா நின்றுகொண்டு.

முதலில் நம்பிக்கை வரவில்லை. பெட்டி புதிதா? இல்லை. சீருடைத் தையல் புதிதா? வருஷா வருஷம் நடக்கிறதுதான். எல்லா வருஷமும் இதே பெட்டி, இதே காலர், இதே மடிப்பு. அப்போதெல்லாம் ஏறாத பில் இப்போது மட்டும் ஏன் ஏறியது?

எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

அவள் பெட்டியை ஒருநாளும் அணைத்ததில்லை. காலரைத் தேய்ப்பாள், நிமிர்த்திவைப்பாள், மிஷினுக்குத் திரும்பிவிடுவாள். அவள் முதுகுக்குப் பின்னால் டக் என்று ஒரு சத்தம் கேட்கும். மாமனார் எட்டிச் சுவிட்சை அணைத்திருப்பார். அவள் மறுபடி எழுந்தால் மறுபடி போடுவார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். மறந்துபோன இஸ்திரிப் பெட்டியால் எரிந்த வீடுகளை வாழ்க்கை முழுக்க அணைத்த மனுஷர். அந்த டக் சத்தம் காதுக்குப் பழகிப்போய், அது நின்றுபோனதுகூட அவளுக்குத் தெரியவில்லை. தொட்டி வந்த மாதம் பில் ஏறியது உண்மைதான். தொட்டி குடித்து அல்ல. அணைக்கிற கை மாடிக்குப் போய்விட்டது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதை அவள் நினைக்காமலே இருந்திருக்கலாம். தொட்டி வந்த அன்று காலை, வேலை நெருக்கடியில், பெட்டி சூடு ஏறவில்லை என்று அவரிடம் எரிந்து விழுந்தது. "எப்பப் பாத்தாலும் அணைச்சுக்கிட்டே இருந்தா நான் எப்படி மாமா வேலை செய்யறது? கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்று கேட்டது. அவர் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் மாடிக்குப் போனார்.

சும்மா இருக்கச் சொன்னதால் சும்மா இருக்க ஓர் இடம் தேடிப் போயிருக்கிறார். அதற்கு இவள் மீனைப் பார்த்து எரிந்துகொண்டிருக்கிறாள். பெரியவளுக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. எழுந்துபோய் முதல் தடவையாகத் தன் கையால் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

கேட் சத்தம் கேட்டது. மாமனார் புது முடிவெட்டில் பத்து வயசு குறைந்து வந்தார். அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு நேராக மேலே போய்விட்டார். அவ்வளவு வருத்தத்துக்கு நடுவிலும் பெரியவளுக்கு அது சுருக்கென்று தைத்தது.

கொஞ்ச நேரத்தில் படியின் மேலிருந்து அவர் குரல் வந்தது. உரக்க இல்லை.

"அம்மா, ஒரு குவளை எடுத்துக்கிட்டு மேல வா. சீக்கிரம்."

அவர் தீ விபத்துக்குப் போகும்போதும் இந்தக் குரலில்தான் பேசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே ஓடினாள்.

மேனேஜர் ஒருக்களித்துக் கிடந்தது. பொடி மீன்கள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அதில் இரண்டு அசையவில்லை. விளிம்பில் தொங்கிய பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, மோட்டார் வெறுமனே உறுமிக்கொண்டிருந்தது. கரண்ட் ஒரு தடவை நின்றால் அந்தப் பெட்டியிலிருந்து தண்ணீர் வடிந்துவிடும், மறுபடி ஓட வேண்டுமானால் கையால் ஒரு குவளை ஊற்றிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவர் ஊற்றினார். மோட்டார் ஒரு முறை விக்கிவிட்டுத் தண்ணீரை இழுத்தது. காலையில் நின்ற சத்தம் திரும்பி வந்தது.

"அது மட்டும் போதாது. நீ தொட்டியிலேயே மொண்டு மேல இருந்து ஊத்து. காத்து கலக்கணும்."

அவள் மொண்டாள், ஊற்றினாள். அவர் இன்னொரு குவளையால் மறுமுனையில் ஊற்றினார். முந்தானை, தரை, அவர் சட்டை எல்லாம் நனைந்தது. நெடுநாளைக்குப் பிறகு இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்தார்கள். அந்த நேரத்திலும் அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

"கரண்ட் போச்சாம்மா?" என்றார் அவர்.

ஆமாம் என்று தலையாட்டினால் தப்பித்துக்கொள்ளலாம். "போகலை மாமா. நான்தான் பிளக்கை எடுத்தேன். எவ்வளவு கரண்ட் தின்னுதுன்னு பார்க்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்சம் உயரத்துல இருந்து ஊத்து" என்றார்.

கை கடுத்துப் போகிற வரைக்கும் ஊற்றினார்கள். மேனேஜர் மெல்ல நிமிர்ந்தது. பிறகு ஒரு சுற்று நீந்திக் காட்டியது.

சின்னவள் வேலை முடிந்து வந்தபோது இருவரும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். செத்துப்போன இரண்டு பொடி மீன்களும் ஒரு காகிதத்தின் மேல் இருந்தன. சின்னவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவள் நடந்ததைச் சொல்லப் போனாள். மாமனார் முந்திக்கொண்டார்.

"நடுவுல கரண்ட் நின்னுபோச்சு. அக்காதான் மொண்டு ஊத்திக் காப்பாத்தினா. இல்லேன்னா மேனேஜரும் போயிருப்பார்."

சின்னவள் பெரியவளின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். தேங்க்ஸ்க்கா என்றாள். கண் கலங்கியிருந்தது. அவள் நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்று பெரியவள் நொந்துபோனாள். உண்மையை இவளிடமும் சொல்ல வேண்டும், ஆனால் மாமனார் மறைத்ததை அவர் எதிரிலேயே எப்படி உடைப்பது? துடைத்த துணியை எடுத்துக்கொண்டு கீழே கிளம்பினாள்.

சின்னவள் படி வரைக்கும் கூடவே வந்தாள். ஏதோ சொல்லத் தயங்குகிறவள் மாதிரி கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"சொன்னா சிரிக்கக் கூடாதுக்கா. எனக்கு உங்க மேல பொறாமை."

"என் மேலயா?"

"மாமா மீனைப் பார்க்கத்தான் வர்றார்னு நான் சந்தோஷப்பட்டேன். லீவு நாள்ல பக்கத்துல உட்கார்ந்து கவனிச்சேன். காது பூரா கீழதான் இருக்கு. உங்க மிஷின் சத்தம் நின்னா போதும், எழுந்துடறார். இங்க வந்து நின்னு மோந்து பார்க்கறார், ஏதாவது கருகுதான்னு. நான் பாட்டுக்குப் பேசிட்டு இருப்பேன். திரும்பிப் பார்த்தா ஆள் இல்லை. கட்டிலைக் கொண்டுவந்தாலாவது என்கூட நாலு வார்த்தை பேசுவார்னுதான் கேட்டேன்."

பெரியவள் படி இறங்கினாள். கால் தரையில் பாவவில்லை. அவர் அவளை விட்டுப் போகவில்லை. மேலே உட்கார்ந்துகொண்டு கீழ் வீட்டைக் காவல் காக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் என்ன சொல்வார் என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமனார் ஈரச் சட்டையை மாற்ற வந்தார். நாற்காலியைப் பார்த்தார், உட்காரவில்லை. பழக்க தோஷத்தில் கை இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சுக்குப் போனது. சுவிட்ச் ஏற்கெனவே அணைந்திருந்தது. கை அந்தரத்தில் நின்றது. சுவரில் மாட்டியிருந்த ஷாக்கின் மீட்டரையும் அதன் எண்ணையும் குனிந்து பார்த்தார். புரிந்துகொண்டார்.

"நீயேவா அணைச்ச?"

"ஆமா மாமா." குழந்தை மாதிரி அவள் பெருமையாகச் சொன்னாள். "இனிமே மறக்க மாட்டேன்."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. பாரம் இறங்கியதா, வேறு ஏதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப சரிம்மா. அது ஒண்ணுதான் மனசுல உறுத்திட்டு இருந்துச்சு, ராத்திரியும் மேல போயிட்டா இந்தப் பெட்டியை யார் பார்த்துப்பாங்கன்னு. இனிமே கவலை இல்லை. நானும் இங்க துணி மூட்டைக்கு நடுவுல உனக்கு இடைஞ்சலா கிடக்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு? கட்டிலை நாளைக்கே ஏத்திடச் சொல்றேன்."

இடைஞ்சல் இல்லை மாமா, நீங்கள் இல்லாமல் இந்த அறையில் உட்காரவே முடியவில்லை மாமா என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. இத்தனை வருஷம் ஒருவருக்கொருவர் சொல்லிப் பழகாத பேச்சு அது. சட்டையை மாற்றிக்கொண்டு அவர் செருப்பை மாட்டினார். சின்னவனிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். முதல் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அடுத்த படியில் கேட்டது.

பெரியவள் மிஷினைத் தொடவில்லை. வீடு நிசப்தமாக இருந்தது. எழுந்துபோய் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மீட்டரில் எண் நகர ஆரம்பித்தது. வெட்டி மிஞ்சிய வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைப் பலகையில் விரித்தாள். பொறாமையில்கூட ஒரு தையலைக் கோணலாகப் போட வராத கை, சூடேறிய பெட்டியை அந்தத் துண்டின்மேல் குப்புற வைத்தது. வைத்துவிட்டு எடுக்கவில்லை.

துணி பழுப்பாகி, மெல்லக் கருகத் தொடங்கியது. நாற்றம் அறையைத் தாண்டிக் கூடத்துக்குப் போனது.

செருப்புச் சத்தம் பாதிப் படியில் நின்றது.

பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மீட்டரில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. ஏறட்டும் என்று விட்டுவிட்டாள்.